கட்டப்படாத அணையைப் பார்க்கப் போன மூன்று நாள்

மே 22: கோபி, ஆனைகட்டி, முக்காலி

கோபிசெட்டிபாளையத்தில் நாங்கள் எட்டுப் பேர் ஞாயிறு மாலைகளில் கூடிப் படிக்கிறோம். ஒரு பொருளை எடுத்தால் மூன்று மாதம் அதிலேயே கிடப்போம். இம்முறை எடுத்தது அமைதிப் பள்ளத்தாக்குப் போராட்டம்: கேரளத்தில் குந்திப்புழை ஆற்றின் குறுக்கே மின்சாரத்துக்காக அணை கட்டிக் காட்டை மூழ்கடிக்க வேண்டாம் என்று 1970-களின் பிற்பகுதியில் எழுந்தது. இந்தியாவில் ஒரு காட்டுக்காக எழுந்த முதல் பெரிய போராட்டங்களில் ஒன்று. அதுவும் எங்களைப் போலக் கூடி உட்கார்ந்து படித்தவர்கள் தொடங்கியது. படித்ததை அந்த இடத்திலேயே போய்ப் பேசிவிடுவது என்று கோடை விடுமுறையில் கிளம்பினோம்.

சீட்டுக் குலுக்கி ஆளுக்கொரு பகுதி எடுத்துக்கொண்டோம். கையில் தாள் இல்லாமல் சொல்ல வேண்டும். சொல்லி முடிக்கும்வரை யாரும் குறுக்கே பேசக் கூடாது. முடித்ததும் யாரும் எதையும் கேட்கலாம். எனக்கு விழுந்த சீட்டு, 'அணை வேண்டும் என்றவர்கள்'. காட்டைப் பற்றிப் பேசலாம், சிங்கவால் குரங்கைப் பற்றிப் பேசலாம் என்று ஆசையாக இருந்தவளுக்கு அது முகத்தில் அடித்தது போல இருந்தது. மாற்றிக் கேட்டேன், ஒருவரும் தரவில்லை.

காந்திபுரத்தில் ஆனைகட்டி பஸ் ஏறும்போது மணி பதினொன்று. வெயில் மண்டையைப் பிளந்தது. மலைக்குள் ஏறியும் காற்றில் சூடு இறங்கவில்லை. கொடுங்கரைப் பள்ளத்தின் பாலத்தைக் கடந்தால் கேரளம். அந்தப் பக்கத்து ஓட்டலில் மட்டை அரிசிச் சோறு, மோர்க்குழம்பு, பயற்றங்காய்ப் பொரியல், 70 ரூபாய். பதிமுகம் என்ற மரச்சீவலைப் போட்டுக் காய்ச்சிய இளஞ்சிவப்புத் தண்ணீரைச் சொம்பில் வைத்தார்கள். எங்கள் கூட்டத்தில் இளையவளான கல்லூரி மாணவி அதைச் சாயத் தண்ணீர் என்று நினைத்து ஒதுக்கினாள். பரிமாறிய அம்மா தாமே ஒரு டம்ளர் ஊற்றிக் குடித்துக் காட்டிவிட்டு, "வயிற்றுக்கு நல்லது, குடி" என்று நின்றார். அவள் குடித்த பிறகுதான் நகர்ந்தார்.

மண்ணார்க்காடு பஸ்ஸில் பக்கத்து இருக்கையில் ஒரு பாட்டி மடியில் அரைப் பலாப்பழத்தை வைத்திருந்தார். அகளி வருவதற்குள் சுளை எடுத்து எங்கள் எட்டுப் பேருக்கும் கொடுத்துவிட்டார். கை பிசுபிசுத்ததும் முந்தானை முடிச்சிலிருந்து சிறு சீசாவை எடுத்து ஆளுக்கு ஒரு சொட்டுத் தேங்காயெண்ணெய் விட்டார். அவர் தாவளத்தில் இறங்கிப் போனபோது பஸ் முழுக்கப் பலா வாசனை.

கிழக்கு அட்டப்பாடி வறண்ட மலை. மழை மறைவுப் பக்கம் என்று பாடப் புத்தகத்தில் படித்ததைக் கண்ணால் பார்க்கிறோம்: ஆனைகட்டியில் முள்ளும் பாறையும், தாவளத்தில் பச்சை, முக்காலியில் மழை. முப்பது சொச்சம் கிலோமீட்டருக்குள் இத்தனையும்.

முக்காலியில் ஓடுவது பவானி. எங்கள் ஊர் ஆறு. மருந்துக்கடை அண்ணனின் சீட்டு 'நீர்வழி' என்பதால் கால் நனைத்துக்கொண்டே தொடங்கினார். இந்த மலைக்காடுகளில் விழும் மழையில் ஒரு பங்கு பவானியாகிக் கிழக்கே திரும்பி, அட்டப்பாடி வழியாகத் தமிழ்நாட்டுக்குள் வந்து பவானிசாகர் அணையில் தேங்குகிறது. இன்னொரு பங்கு குந்திப்புழையாகி மேற்கே இறங்கி, தூதப்புழையோடு சேர்ந்து பாரதப்புழையில் கலக்கிறது. அணை கேட்டது குந்திக்கு. நாம் குடிப்பது பவானி. இரண்டுக்கும் மேலே நிற்பது ஒரே காடு. அவர் சொன்னது இவ்வளவுதான். நான் குனிந்து ஒரு கை நீரை அள்ளி முகத்தில் அடித்துக்கொண்டேன். மே மாதத்தில் அப்படி ஒரு குளிர்ச்சி.

இரவு எட்டு மணிக்கு விடுதியில் மின்சாரம் போனது. விடியும்வரை வரவில்லை. மெழுகுவத்தி வெளிச்சத்தில் முதல் அமர்வு. ஓய்வுபெற்ற வங்கி ஊழியரான ஐயா ஆண்டுகளைச் சொன்னார். சைரந்திரி என்ற இடம் மின்சாரம் எடுக்க ஏற்றது என்று 1928-லேயே குறித்திருக்கிறார்கள். 1973-ல் திட்டக் குழு ஒப்புதல். முதலில் 120 மெகாவாட், பிறகு 240 வரை. பாலக்காடு, மலப்புறம் மாவட்டங்களில் சுமார் 10,000 ஹெக்டேருக்குப் பாசனம். மூழ்கப்போவது 830 ஹெக்டேர் காடு. வெளியே மழை ஓட்டின் மேல் கொட்டிக்கொண்டிருந்தது. எல்லோரும் வியர்த்துக்கொண்டு இருட்டில் உட்கார்ந்து மின்சாரத்தைப் பற்றிப் பேசினோம். ஒரு மின்விசிறிக்காக மனம் ஏங்கியதை நான் மறைக்க விரும்பவில்லை.

மே 23: முக்காலி, சைரந்திரி

காலை ஏழு மணிக்கு ஜீப் என்றார்கள். ஏழரைக்குச் செய்தி வந்தது: இரவு மழையில் வழியில் மரம் சாய்ந்திருக்கிறது, வெட்டி எடுத்த பிறகுதான் வண்டி. எப்போது என்று யாருக்கும் தெரியவில்லை.

எதிரே இருந்த டீக்கடையில் உட்கார்ந்தோம். கட்டன் சாயா 10 ரூபாய், பழம்பொரி 12. கடைக்காரர் எங்களுக்காக இரண்டாவது பெஞ்சைத் துடைத்துப் போட்டார். ஐந்து மணி நேரம் உட்கார்ந்திருந்தும் முகம் சுளிக்கவில்லை. நடுவில் அவர் வீட்டுச் சக்கைப் புழுக்கு ஒரு தட்டு வந்தது. பலாக்காயை வேகவைத்துத் தேங்காய், சீரகம், காந்தாரி மிளகாய் அரைத்துச் சேர்த்துக் கிளறியது. காசு வாங்க மறுத்துவிட்டார்.

மூலையில் ஒரு பெரியவர் செய்தித்தாளுக்குப் பின்னால் இருந்தார். நாங்கள் பேசுவதை வெகுநேரம் கேட்டுவிட்டு, தாளை மடித்து வைத்து, நல்ல தமிழில் கேட்டார்.

"நீங்கள் எந்த ஊர்?"

கோபி என்றேன்.

"கோவையில் முப்பது வருடம் மில்லில் வேலை பார்த்தேன். கோபிக்கு ஒரு கல்யாணத்துக்கு வந்திருக்கிறேன். வாய்க்கால் நிறையத் தண்ணீர். இரண்டு பக்கமும் நெல், மஞ்சள், கரும்பு. அது எந்த அணைத் தண்ணீர்?"

"பவானிசாகர்."

"அதுதான் மோளே. உங்களுக்கு அணை இருக்கிறது. எங்களுக்கு வராமல் போன அணையைப் பார்த்துச் சந்தோஷப்பட நீங்கள் வந்திருக்கிறீர்கள்."

கோபமாகச் சொல்லவில்லை. விசாரிப்பது போலத்தான் சொன்னார். எங்களில் ஒருவரும் வாய் திறக்கவில்லை. எங்கள் விதிப்படி, ஒருவர் சொல்லி முடிக்கும்வரை குறுக்கே பேசக் கூடாது. அவர் இன்னும் முடிக்கவில்லை என்று தோன்றியது.

அவருக்கு 22 வயதில் அணை வேலைக்குப் பெயர் கொடுத்திருந்தாராம். குடும்பம் திருவிதாங்கூர்ப் பக்கத்திலிருந்து குடியேறியது; இரண்டு ஏக்கர், ஐந்து பிள்ளைகள். வேலை வரும், ரோடு வரும், வீட்டுக்கு லைட் வரும் என்று ஊரே காத்திருந்தது. அப்போதுதான் வேண்டாம் என்று கூட்டம் போட ஆரம்பித்தார்கள். "மண்ணார்க்காட்டில் ஒரு கூட்டம். நாங்கள் பத்துப் பேர் கடைசியில் நின்று கூச்சல் போட்டோம். குரங்கு பெரிதா, மனிதன் பெரிதா என்று கத்தினேன். மேலே பேசிக்கொண்டிருந்தவர் நிறுத்தினார். இங்கே வந்து உங்கள் கேள்வியைச் சரியாகக் கேளுங்கள், எல்லோரும் சேர்ந்து கணக்குப் பார்ப்போம் என்றார். எனக்குக் கேள்வி வரவில்லை. கத்தத்தான் தெரிந்தது. வெட்கமாகப் போய்விட்டது. மறு வருடம் கோவைக்கு பஸ் ஏறிவிட்டேன்."

கொஞ்சம் நிறுத்திவிட்டுச் சொன்னார்: "அன்றைக்கு வராத கேள்விதான் இப்போது உங்களிடம் கேட்டது."

என் அப்பாவின் மஞ்சள் வயலுக்குக் கீழ்பவானி வாய்க்கால் பாய்கிறது. அந்தப் பாசனத்தில் 2 லட்சத்து 7 ஆயிரம் ஏக்கர். 1955-ல் முடிந்த அணை. டணாயக்கன் கோட்டை அதற்குள்தான் மூழ்கிக் கிடக்கிறது. எந்தக் காடு மூழ்கியது, எந்த ஊர்கள் போயின என்று நான் ஒரு நாளும் கேட்டதில்லை. என் பள்ளிக் கட்டணம், என் கல்லூரி, இந்தப் பயணத்துக்கு நான் கொண்டுவந்த பணம் எல்லாம் அந்தத் தண்ணீர். இதை அவரிடம் அப்படியே சொன்னேன். அவர் தலையசைத்துவிட்டு எங்கள் எல்லோருக்கும் இன்னொரு சாயா சொன்னார்.

பன்னிரண்டரைக்கு ஜீப் வந்தது. சைரந்திரிக்கு 23 கிலோமீட்டர். ஒன்றேகால் மணி நேரம் குலுக்கல். வழிகாட்டியாக வந்தவர் இந்த மலைப் பழங்குடிகளில் ஒன்றான முடுகர் இளைஞர்; தமிழ், மலையாளம், தம் மொழி மூன்றையும் மாற்றி மாற்றிப் பேசினார். வழியில் இறங்கி முள் நிறைந்த ஒரு மட்டையை எடுத்து என் உள்ளங்கையில் வைத்தார். வெடிப்பலா என்ற காட்டு மரத்தின் காய் ஓடு. கைப்பிடிக்குள் அடங்கும் அளவு, வெளியே முள்ளம்பன்றி போல, உள்ளே வெல்வெட்டு போல வழவழப்பு. விதையை எடுத்துவிட்டு மட்டையைப் போட்டிருக்கிறது சிங்கவால் குரங்கு. பல்தடம் இன்னும் ஈரமாக இருந்தது. "காலையில் தின்றது," என்றார். குரங்கை நாங்கள் கடைசிவரை பார்க்கவில்லை. அந்த மட்டையே எனக்குப் போதுமாக இருந்தது. பார்த்துவிட்டு அங்கேயே வைத்துவிட்டேன், எதையும் எடுத்து வரக் கூடாது.

சில்வண்டு இல்லாததால்தான் அமைதிப் பள்ளத்தாக்கு என்று பெயர் வந்தது என ஒரு கதை உண்டு. சைரந்திரி என்பதே ஆங்கிலேயர் வாயில் திரிந்தது என்று இன்னொரு கதை. நாங்கள் போன பிற்பகலில் சில்வண்டுச் சத்தம் காதைத் துளைத்தது.

ஆற்றுக்கு இறங்க விடவில்லை. மழை, பாதை வழுக்கல். காவல் கோபுரத்திலிருந்துதான் பார்க்கலாம் என்றார்கள். இதற்காகவே வந்தவர்களுக்கு மனம் சுருங்கிப்போனது. கோபுரம் நூறு அடி உயரம். ஏறும்போதே மேகம் வந்து மூடிவிட்டது. கைப்பிடிக் கம்பியைத் தவிர ஒன்றும் தெரியவில்லை. இருபது நிமிடம் அப்படியே நின்றோம். பிறகு காற்று ஒரு பக்கமாக மேகத்தைச் சுருட்டியது. கீழே பச்சைக்கு நடுவே ஒரு வெள்ளைக் கோடு. குந்தி. அந்தக் கோட்டுக்குக் குறுக்கே சுமார் 130 மீட்டர் சுவர் எழும்பியிருக்கும். ஒருவரும் பேசவில்லை. மறுபடி மூடிக்கொண்டது.

இறங்கி வந்து தகரக் கூரைக்கு அடியில், காலில் ஏறிய அட்டைகளை உப்புப் போட்டு உதிர்த்தபடி, எங்கள் வேதியியல் ஆசிரியை தம் பகுதியைச் சொன்னார். இந்தப் பயணத்தில் நான் கேட்ட மிகச் சிறந்த பாடம் அது.

1976-ல் மத்திய அரசின் சுற்றுச்சூழல் குழு, ஜாபர் புதேஹலி தலைமையில் ஒரு பணிக்குழு அமைத்தது. அது, இந்தத் திட்டத்தைக் கைவிடுங்கள் என்று எழுதியது. அதோடு நிற்கவில்லை. கைவிட முடியாது என்றால் இந்த 17 பாதுகாப்புகளைச் செய்யுங்கள் என்றும் எழுதியது. "அந்த ஒரு 'என்றால்'," என்றார் ஆசிரியை. கேரள அரசு அதைப் பிடித்துக்கொண்டது. 1979-ல் பாதுகாப்புச் சட்டமே இயற்றியது. முதல் வரி காணாமல் போய், இரண்டாம் வரி அனுமதிச் சீட்டாகிவிட்டது.

அந்த அறிக்கையைத் தாங்களே வரி வரியாகப் படிக்க முனைந்தவர்கள் கேரள சாஸ்திர சாகித்ய பரிஷத்தினர். 1962-ல் கோழிக்கோட்டில் அறிவியலைத் தாய்மொழியில் எழுதுவதற்காகத் தொடங்கிய அமைப்பு. உறுப்பினர்களில் பெரும்பாலோர் ஆசிரியர்கள். தாவரவியல் பேராசிரியர் எம்.கே. பிரசாத் 1977-ல் அவர்களுடைய பத்திரிகையில் இந்தத் திட்டம் வேண்டாம் என்று எழுதினார். எழுதியவுடன் அமைப்பு முழுவதும் அவர் பின்னால் வந்துவிடவில்லை. உள்ளேயே எதிர்ப்பு, அணையை ஆதரித்த பொறியாளர்களும் அதில் இருந்தார்கள். அவர்கள் செய்தது கணக்குப் போடுவது. தாவரவியலுக்கு பிரசாத், பொறியியலுக்கு எம்.பி. பரமேஸ்வரனும் வி.கே. தாமோதரனும், வேளாண்மைக்கு சியாமசுந்தரன் நாயர், பொருளாதாரத்துக்கு கே.பி. கண்ணன் என ஐந்து பேர் உட்கார்ந்து, எத்தனை யூனிட், எத்தனை வேலை, எவ்வளவு பாசனம், இதை வேறு எப்படிப் பெறலாம் என்று 1979-ல் ஒரு மதிப்பீடு தயாரித்தார்கள். பிறகு அதை ஊர் ஊராகக் கொண்டுபோய் வகுப்பெடுத்தார்கள்.

"குரங்கா மனிதனா என்ற கேள்விக்கு அவர்கள் குரங்கு என்று பதில் சொல்லவில்லை," என்றார் ஆசிரியை. "மனிதனுக்கு என்ன வேண்டும், எவ்வளவு வேண்டும் என்று கேட்டு, அதையும் கணக்கில் எழுதினார்கள். அதனால்தான் நின்றது." சொன்னவர் என்னைப் பார்த்தார். நான் டீக்கடைப் பெரியவரை நினைத்துக்கொண்டிருந்தேன். நான் வேண்டாவெறுப்பாக எடுத்து வைத்திருந்த சீட்டின் எடை எனக்கு அப்போதுதான் தெரிந்தது.

போராட்டத்தில் இறங்கிய மலையாளக் கவிஞர் சுகதகுமாரியைப் பற்றிய பகுதி எங்களோடு வந்த விவசாயி அக்காவுடையது. மரத்தைப் பாடிய அவருடைய கவிதை கூட்டங்களின் பாட்டாக ஆனதையும், போராட்டத்தில் சேர்ந்த எழுத்தாளர்களை எதிர்த்தரப்பினர் 'மரக்கவிகள்' என்று இகழ்ந்ததையும் சொன்னார். அதே சுகதகுமாரி 2020 டிசம்பரிலும் எம்.கே. பிரசாத் 2022 ஜனவரியிலும் கொரோனாவில் போனார்கள் என்று முடித்தபோது அக்காவின் குரல் உடைந்துவிட்டது. அவருடைய கணவரையும் அதே நோய்தான் கொண்டுபோனது. மழைச் சத்தத்தில் சும்மா உட்கார்ந்திருந்தோம்.

வழிகாட்டி இளைஞர் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தவர், திரும்பும் ஜீப்பில் கேட்டார்: "நீங்கள் படித்ததில் எங்கள் ஆட்கள் யார் பெயராவது வருகிறதா?" மூன்று மாதம் படித்த காகிதங்களை மனத்தில் புரட்டினேன். இல்லை என்றுதான் சொல்ல வேண்டியிருந்தது. "சரி," என்று வெளியே பார்த்துக்கொண்டார். இந்தக் காட்டின் ஓரத்தில் தலைமுறை தலைமுறையாக வாழும் இருளர், முடுகர், குறும்பர் வாயிலிருந்து ஒரு வரிகூட நாங்கள் படிக்கவில்லை. அடுத்த மூன்று மாதத்துக்கு அதைத்தான் தேடுவது என்று இரவே முடிவு செய்தோம்.

மே 24: மண்ணார்க்காடு, முண்டூர், வீடு

மலைச் சுரம் இறங்கும்போது இரண்டு பேருக்கு வாந்தி. மண்ணார்க்காட்டில் புட்டு, கடலைக் கறி, 50 ரூபாய். சாப்பிட முடிந்தவர்கள் சாப்பிட்டோம்.

நெடுஞ்சாலைப் பாலத்துக்கு அருகே படித்துறை போன்ற இடத்தில் குந்திப்புழைக்கு இறங்கினோம். மேலே தொட முடியாத ஆற்றை இங்கே தொட்டேன். ஒருவர் ஆட்டோவைக் கழுவிக்கொண்டிருந்தார்; எங்களைக் கண்டதும் சோப்பு நீர் எங்கள் பக்கம் வராதபடி வண்டியைக் கீழே தள்ளிக்கொண்டு போய் நிறுத்தினார்.

அங்கே என் முறை. மூன்று மாதம் தயாரித்ததில் பாதியை விட்டுவிட்டேன். அணை கேட்டவர்களைக் கெட்டவர்களாக வைத்துத்தான் தயாரித்திருந்தேன். இப்போது இப்படிச் சொன்னேன்: மலபார் பின்தங்கிக் கிடந்தது. விளக்கில்லாத வீடுகள், வேலையில்லாத பிள்ளைகள். மூழ்குவது பள்ளத்தாக்கில் பத்தில் ஒரு பங்குகூட இல்லையே என்று அவர்கள் கேட்டதில் கள்ளம் இல்லை. அந்தப் பத்தில் ஒரு பங்கு ஆற்றை ஒட்டிய நடுக்காடு, அதற்குள் ரோடும் ஆயிரக்கணக்கான ஆட்களும் போனால் மீதியும் நிற்காது என்பதை ஒருவர் அவர்களுக்குப் பொறுமையாகச் சொல்ல வேண்டியிருந்தது. சொன்னார்கள். சிலர் கேட்டார்கள், சிலர் கோவைக்கு பஸ் ஏறினார்கள்.

பிறகு நடந்ததை வேகமாக முடித்தேன். 1980 ஜனவரியில் உயர் நீதிமன்றம் மரம் வெட்ட முன்பு இருந்த தடையை நீக்கியது, இந்திரா காந்தி வேலையை நிறுத்தச் சொன்னார், திட்டத்தை ஆராய்ந்த எம்.ஜி.கே. மேனன் குழு 1983-ல் அறிக்கை தந்தது, திட்டம் கைவிடப்பட்டது. 1984 நவம்பர் 15 அன்று தேசியப் பூங்கா. 89.52 சதுர கிலோமீட்டர். அறிவிப்பைப் பார்க்க இந்திரா உயிரோடு இல்லை.

கேள்வி நேரம். கல்லூரி மாணவி கேட்டாள்: "அக்கா, அந்தத் தாத்தா கேட்டதற்குப் பதில் என்ன?" என்னிடம் முழுப் பதில் இல்லை என்று சொன்னேன். அதிலேயே முக்கால் மணி நேரம் போனது. வங்கி ஐயாவும் மருந்துக்கடை அண்ணனும் குரல் உயர்த்தும் அளவுக்குப் போய், ஆட்டோக்காரர் வந்து சண்டையா என்று விசாரித்தார்.

பாலக்காடு போகும் வழியில் முண்டூர். பரிஷத் 1987-ல் தொடங்கிய கிராமத் தொழில்நுட்ப மையம் அங்கே இருக்கிறது. 'சூடாறாப்பெட்டி' என்ற சொல்லைக் கேட்டதும் எனக்குள் ஒரு மகிழ்ச்சி. தமிழ்க் காதுக்கு விளக்கம் தேவையில்லை. சுற்றிலும் சூடு வெளியேறாத அடைப்பு. அரிசியைக் கொதிக்கவிட்டு, பானையோடு உள்ளே இறக்கி மூடிவிட்டால் அடுப்பில்லாமலே வெந்துவிடும். விறகும் எரிவாயுவும் அந்த அளவு மிச்சம். புகை குறைந்த அடுப்பு ஒன்றையும் பரப்பியிருக்கிறார்கள். கேரளத்தில் பரிஷத் அடுப்பு என்றால் தெரியாதவர் குறைவு. மின்சாரம் வேண்டாமா என்று கேட்டவர்களிடம், எவ்வளவு வேண்டும் என்று திருப்பிக் கேட்ட அதே ஆட்கள் அடுப்பங்கரைவரை வந்திருக்கிறார்கள். அக்கா ஒரு பெட்டி வாங்கினார். பஸ்ஸில் யாரிடமும் கொடுக்காமல் மடியிலேயே வைத்துக்கொண்டார்.

கோபிக்கு வந்து சேர இரவு பத்தரை. வீட்டுக்குப் போகும் வழியில் கீழ்பவானி வாய்க்கால் பாலம். தண்ணீர் இல்லை, அடியில் காய்ந்த சேறும் இரண்டு நாய்களும். ஆகஸ்ட் 15 வாக்கில் திறப்பார்கள். முக்காலியில் கிளம்பும்போது அந்தப் பெரியவர் தம் எண்ணை என் நோட்டில் எழுதிக் கொடுத்திருந்தார். வாய்க்கால் நிறைந்து போகும்போது ஒரு படம் அனுப்பச் சொன்னார்.